கீழூர் முதல் கூகுள் ஃபார்ம் வரை: கிராமத்தைக் கேட்ட கதை



தொண்டு நிறுவனங்கள் மக்களிடம் கருத்துக் கேட்பது இப்போது ரொம்ப எளிதாகிவிட்டது. கூகுள் ஃபார்மில் பத்து கேள்வி தயார் செய்து, லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சாயங்காலத்துக்குள் பதில்கள் வந்துவிடும். வட்டமாக ஒரு படமும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். "மக்களில் 82 சதவீதம் பேர் இப்படி நினைக்கிறார்கள்" என்று அறிக்கையில் எழுதிவிடலாம். (82 என்பது சும்மா உதாரணத்துக்கு.)

யார் அந்த மக்கள்? யாருக்கு லிங்க் போனது, யாருக்குப் போகவில்லை? இது இணையம் வந்த பிறகு முளைத்த பிரச்சினை இல்லை. வில்லியனூர், பாகூர் பக்கத்தில் இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கேள்வித்தாள் தயாரித்தால் கொஞ்சம் உருப்படியாக இருக்கும் என்பதால்தான் இந்தக் கட்டுரை. சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

178 பேரைக் கேட்டார்கள்

வில்லியனூர் கம்யூனில் கீழூர் என்று ஒரு சின்ன ஊர். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகள் இந்தியாவோடு சேர வேண்டுமா என்பதுதான் கேள்வி. 178 பேர் வாக்களித்தார்கள். சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. இது நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த கதை.

இதில் நாம் அதிகம் யோசிக்காத ஒன்று உண்டு. அந்த 178 பேரும் சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி, கம்யூன் உறுப்பினர்களும்தான். அப்போது இந்தப் பகுதிகளின் மக்கள்தொகை சுமார் மூன்று லட்சம். வாக்கெடுப்பு நடந்த கீழூரிலேயே வயலில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை.

1948-ல் இந்தியாவும் பிரான்சும் பேசிக்கொண்டபோது, மக்களே தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்வார்கள் என்றுதான் உடன்பாடு. 1946-ஆம் வருடத்து பிரெஞ்சு அரசியல் சட்டமும், சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று சொன்னது. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூன் 19-ல் பொது வாக்கெடுப்பு நடக்கவும் செய்தது. அங்கே மிகப் பெரும்பான்மை இந்தியாவின் பக்கம் நின்றது. புதுச்சேரியில் அது தள்ளிக்கொண்டே போனது. பிரெஞ்சிந்தியத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் சகஜமாக இருந்த காலம் அது. கடைசியில் 1954 மார்ச்சில் எதுவார் குபேரும், புதுச்சேரிப் பகுதிக் கம்யூன்களின் மேயர்களும் சேர்ந்து, வாக்கெடுப்பு இல்லாமலே இணைப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்ட வழிதான் கீழூர்.

கீழூர் முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லோரையும் கேட்டிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும் என்று நினைக்க நிறைய காரணம் இருக்கிறது. ஆனால் "மக்கள் விரும்பினார்கள்" என்று எழுதும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலில் யார் பெயர் இருந்தது என்று கேட்க வேண்டும். இதைத்தான் கீழூரிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர்கள் கையில் கேள்வித்தாள், 1916

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது என்று நினைத்து, 1916-ல் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊருக்குப் போய் விசாரித்து எழுதச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன பயிர் என்றெல்லாம் கேள்விகள். வந்த அறிக்கைகளில் தேர்ந்தெடுத்தவை 1918-ல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாக வெளிவந்தன.

அந்தக் கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு. வேறு எங்கோ இல்லை, நமக்குப் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்போது தென்னாற்காடு ஜில்லா.

இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். முதலாவது, 1916-ல் சென்னைக்குப் போய்ப் பட்டப்படிப்பு படிக்க எந்த வீட்டுப் பிள்ளைக்கு வசதி இருந்திருக்கும்? பெரும்பாலும் நிலமும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான். அவர் லீவுக்கு ஊருக்கு வந்து, கையில் தாளோடு சேரிக்குப் போய் "உனக்குக் கூலி எவ்வளவு?" என்று கேட்டால், அந்தப் பண்ணையாள் என்ன பதில் சொல்லியிருப்பார்? கேட்பவர் முதலாளி வீட்டுப் பையனாக இருந்தால் பதிலும் அதற்கேற்பத்தானே இருக்கும்!

இரண்டாவது விஷயம் நல்ல விஷயம். அந்த ஊர்களுக்குத் திரும்பவும் போனார்கள். பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் இருவரும் 1930-களில் மறு ஆய்வு நடத்தி 1940-ல் வெளியிட்டார்கள். பிறகும் பலர் போனார்கள். இருவேல்பட்டில் 2008 வரை ஆய்வு நடந்து, 1916-லிருந்து அந்த ஊரில் நிலமும் கூலியும் சாதி அரசியலும் எப்படி மாறின என்று 2010-ல் கட்டுரை வந்தது. ஒரு தடவை கேட்டால் அன்றைய நிலைமைதான் கிடைக்கும். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் என்ன மாறியது என்று தெரியும்.

ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாமே ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன ஒருவழிப் பாதை. படிப்பவர்களுக்காகத் திரட்டிய தகவல்தான் அது. கணக்கு சொன்ன ஊர்க்காரர் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கமாக இல்லை.

23 லட்சம் பேர் சொல்லியும் தப்பானது

வணிகவியல் மாணவர்கள் புள்ளியியல் தாளில் படிக்கும் ஒரு பழைய கதையை இங்கே சேர்த்துக்கொள்கிறேன். 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பியது. ஏறக்குறைய 23 லட்சம் பதில்கள் வந்தன. அதை வைத்து லேண்டன்தான் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார்! இரண்டு வருடத்தில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது.

எங்கே தப்பு? முகவரிகளை அவர்கள் எடுத்தது பெரும்பாலும் தொலைபேசி வைத்திருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்து. பெரிய மந்தநிலை நடந்துகொண்டிருந்த நேரம். தொலைபேசி இல்லாதவர்கள் ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தார்கள். அதோடு, அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் வேறு மாதிரி ஆட்கள். ஜார்ஜ் கேலப் இதைவிட ரொம்பக் குறைந்த ஆட்களைக் கேட்டு ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் வித்தியாசம்.

அந்த "தொலைபேசி" இருந்த இடத்தில் இன்றைக்கு "ஸ்மார்ட்போன்" என்று போட்டுப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அதன் பிறகு இது கூடியிருக்கலாம். ஆனாலும் வீட்டில் ஒரு போன், அது மகன் கையில் என்ற நிலைமை நம் ஊர்களில் புதிதா என்ன?

கோலமாவில் போட்ட வரைபடம்

1970-களில் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வடாற்காடு பக்கம் நடந்த ஒரு பெரிய விவசாய ஆய்வில் இருந்தார். பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள் நிரப்பும் வேலையைப் பார்த்து அவருக்கு வெறுத்துப்போனது. 1983-ல் எழுதிய நூலில் அவர் சொன்ன குறைகளில் ஒன்று, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தார் ரோடு போகும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது. ரோட்டோரம் இருக்கும் வீடு, மழை இல்லாத மாதம், வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள்... இவர்களிடம் பேசிவிட்டு "கிராமத்தைப் பார்த்தேன்" என்று எழுதுகிறார்கள்.

இந்த வெறுப்பிலிருந்து வளர்ந்ததுதான் 1990-களில் இந்தியத் தொண்டு நிறுவனங்களில் பரவிய பங்கேற்பு முறை. கேள்வித்தாளைத் தூக்கி வைத்துவிட்டு, ஊர்க்காரர்களையே தரையில் கலர்ப்பொடியால் தங்கள் ஊர் வரைபடத்தைப் போடச் சொல்வார்கள். எது முக்கியமான பிரச்சினையோ அதன் மேல் அதிகப் புளியங்கொட்டை வைக்கச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கலந்துகொள்ளலாம். கோலம் போடத் தெரிந்த ஊரில் வரைபடம் போடத் தெரியாதா என்ன!

வில்லியனூரில் என்ன செய்தார்கள்?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தகவல் கிராமம் என்று பெயர். வில்லியனூர்தான் நடுமையம். அங்கிருந்து கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களுக்குக் கம்பியில்லா ரேடியோ மூலம் தகவல் போனது. அடிக்கடி கரண்ட் போகும் என்பதால் சூரிய மின்சாரமும் வைத்தார்கள். இணையம் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாத காலம் அது.

கணினியை இறக்குவதற்கு முன்னால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஊர்களில் உட்கார்ந்து, உங்களுக்கு இப்போது தகவல் எங்கிருந்து வருகிறது, என்ன தகவல் தேவை என்று விசாரித்தார்கள். மளிகைக் கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்கிற ஏஜெண்டு, இவர்கள்தான் தகவல் கிடைக்கும் முக்கியமான இடங்கள் என்று தெரியவந்தது. நெல் விலை, உரம் கிடைக்குமா, அரசுத் திட்டத்துக்கு யாரிடம் போவது, ஆஸ்பத்திரியில் எந்த நாளில் எந்த டாக்டர்... இப்படி இருந்தன தேவைகள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் அரசுப் பட்டியலும் மையத்துக்கு வந்தது. தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருவர் ஆபீஸுக்கு அலையாமல் பார்க்க முடிந்தது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு நெல் விலை எதற்கு? அவர்களுக்கு வேண்டியது நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரம் பற்றிய கணிப்பு வரும். வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் சொல்லி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படிக்கவும் வேண்டாம், கணினியைத் தொடவும் வேண்டாம். காது இருந்தால் போதும்.

மையம் எங்கே வைப்பது என்பதும் பெரிய கேள்வி. தனியார் வீட்டில் வைத்தால் அந்த வீட்டுக்குள் யார் நுழையலாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்வார். அதனால் பொது இடம் வேண்டும், சாதி, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மையத்தை நடத்திய தன்னார்வலர்களில் நிறைய பேர் பெண்கள்.

ஏம்பலத்தில் மையம் இருந்தது ஒரு கோயில் கட்டடத்தில். 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைப் பற்றி எழுதியது. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்று சாமி இருக்கும் பக்கம், அதில் தலித் மக்களுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் அனுமதி இல்லை. இன்னொன்று கணினி இருக்கும் பக்கம், அதில் யார் வேண்டுமானாலும் போகலாம். தொழில்நுட்பம் சாதியை ஒழித்துவிட்டது என்று சிலர் இதைக் கொண்டாடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வாசல் அப்படியேதானே இருந்தது? இரண்டாவது வாசல் திறந்ததும் தானாக இல்லை. யாரோ நிபந்தனை போட்டதால்தான் திறந்தது.

இந்தத் திட்டத்துக்கு 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. விருதை விடப் பெரிய சோதனை 2004 டிசம்பர் 26-ல் வந்தது. சுனாமி. அரியாங்குப்பம் கம்யூனில் உள்ள நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தி தெரிந்ததும் ஊருக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் அந்த ஊரின் 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வீராம்பட்டினத்திலும் ஒலிபெருக்கி உதவியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடலோர ஊர்களுக்கு என்ன வேண்டும், எந்த வழியில் வேண்டும் என்று கேட்காமல், எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கணினி மட்டும் கொடுத்திருந்தால்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டிய அறைக்குள் கணினி மட்டும் சும்மா இருந்திருக்கும். ஒழுங்காகக் கேட்டதன் பலன் ஆறு வருடம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத வடிவத்தில் வந்தது.

ஏரி யாருடையது?

அதே காலத்தில் இன்னொன்று நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் 1999-ல் தொடங்கியது. பாகூர், வில்லியனூர் பக்கமெல்லாம் ஏரி இல்லாமல் விவசாயம் ஏது! இதில் ஏரிப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைத்தார்கள். பழைய பொதுப்பணித்துறை வழக்கப்படி ஏரி என்றால் ஆயக்கட்டு விவசாயிதான். இந்தச் சங்கங்களில் நிலம் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் தர முயன்றார்கள்.

ஏன் இது முக்கியம்? "ஏரியில் என்ன செய்யலாம்?" என்று நிலம் உள்ளவரிடம் கேட்டால் மதகு, வாய்க்கால், கரை என்பார். ஆடு மேய்ப்பவர் கரையில் புல் இருக்க வேண்டும் என்பார். மீன் பிடிப்பவருக்குத் தண்ணீரை முழுக்க இறைத்துவிடக் கூடாது. துணி துவைக்கப் போகும் அம்மாவுக்குப் படித்துறை வேண்டும். நான்கு பேர் சொல்வதும் சரிதான். ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு "கிராமத்தின் கருத்து" என்று எழுதினால் மற்ற மூன்று பேர் காணாமல் போய்விடுவார்கள்.

இங்கே ஏன் இது கூடுதல் பொறுப்பு?

வேறு மாநிலங்களில் ஒரு தொண்டு நிறுவனம் தப்பாகக் கணக்கெடுத்தால், "அது எங்க ஊர்க் கருத்து இல்லை" என்று சொல்ல வார்டு உறுப்பினர் இருப்பார், பஞ்சாயத்துத் தலைவர் இருப்பார். புதுச்சேரிக் கதை வேறு. இங்கே 10 கம்யூன் பஞ்சாயத்துகளும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் உண்டு. 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல்தான், 38 வருடம் கழித்து! 2011-ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நடக்காமல் நின்றுபோனது.

ஒரு தெருவுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில், தொண்டு நிறுவனத்தின் எக்செல் தாளே "மக்கள் குரல்" ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. அதிகாரிக்கும் அது வசதி, நிதி கொடுப்பவருக்கும் வசதி. அதில் பெயர் இல்லாதவருக்கு முறையிட இடமே இருக்காது.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. இந்த மாதிரி நேரத்தில் "உங்களுக்கு என்ன உதவி தேவை?" என்று லிங்க் அனுப்பினால் யார் நிரப்புவார்கள்? போன் நனையாதவர், சார்ஜ் இருப்பவர், சிக்னல் கிடைக்கும் மாடி வீட்டுக்காரர். கூரை போனவர் நிரப்ப மாட்டார். பதில் அதிகம் வந்த தெருவுக்கு முதலில் அரிசி போனால், கஷ்டம் குறைவான இடத்துக்கு உதவி முதலில் போகிறது என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு (கற்பனை ஊர்தான்). 400 குடும்பம். நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் 120 பேர். பதில் போட்டவர்கள் 50 பேர். அதில் 40 பேர் "குடிநீர் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். அறிக்கையில் 80 சதவீதம் திருப்தி! ஆனால் 400-ல் 40 என்றால் 10 சதவீதம்தான். மீதி 350 குடும்பம் என்ன நினைக்கிறது என்று அந்தப் படிவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் இணையக் கருவிகள் வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். வரலாற்றைப் பார்த்தால் கருவி கெட்டதில்லை, பயன்படுத்தும் விதம்தான் விஷயம். எனக்குத் தெரிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்:

1. கூகுள் ஃபார்ம் 2008-ல் வந்தது. இலவசம், தமிழில் கேள்வி போடலாம். தன்னார்வலர்கள், கல்லூரி மாணவர்கள், நன்கொடையாளர்கள் என்று ஏற்கனவே இணையத்தில் இருப்பவர்களைக் கேட்க அருமையான கருவி. முழு ஊரைக் கேட்க இது மட்டும் போதாது.

2. ஊரைக் கேட்க வேண்டும் என்றால் ஓப்பன் டேட்டா கிட், கோபோ டூல்பாக்ஸ் போன்றவை நல்லது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008-ல் தொடங்கியது முதலாவது. அதை அடிப்படையாகக் கொண்டு பேரிடர் பகுதிகளில் வேலை செய்பவர்களுக்காக வளர்ந்தது இரண்டாவது. சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் பதிலைப் பதிந்துகொண்டு, பிறகு அனுப்பலாம். அதாவது லிங்க் மக்களைத் தேடிப் போவதில்லை, ஆள் வீடு தேடிப் போகிறார்.

3. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் வழி. சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வராவில் சாதாரண போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். தங்கள் மொழியிலேயே குறையைச் சொல்லிப் பதியலாம். நம்ம ஊர் ஒலிபெருக்கியின் மறுபக்கம் மாதிரி இது. ஒன்று பேசும், ஒன்று கேட்கும் :-)

4. கேட்கப் போவது யார் என்பதில் கவனம் வேண்டும். உதவி கொடுக்கும் நிறுவனத்தின் ஆளே போய் "எங்க சேவை எப்படி?" என்று கேட்டால், "நல்லாதாங்க இருக்கு" என்றுதான் பதில் வரும். அடுத்த மாத உதவி நின்றுவிடுமோ என்ற பயம் இருக்காதா? பெண்களிடம் பெண்கள் கேட்பது, வேறு ஊர்க் குழு வந்து கேட்பது, பெயர் எழுதாமல் கேட்பது எல்லாம் உதவும்.

5. ஊர்த்தெரு, காலனி, மீனவர் குப்பம் என்று ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வீடு என்று முதலில் எண்ணுங்கள். அந்த விகிதத்தில் பதில் வந்ததா என்று பாருங்கள். வராத இடத்துக்கு நடந்து போங்கள். அறிக்கையில் "எத்தனை பேரைக் கேட்டோம், யாரைக் கேட்க முடியவில்லை" என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

6. தேவையில்லாததைக் கேட்காதீர்கள். ஆதார் எண், சாதி, நோய் விவரம் எல்லாம் ஒரு தாளில் சேர்ந்தால் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்குவதுதான் அதன் அடிப்படை. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மரியாதை.

7. பதிலைத் திருப்பிக் கொடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வில்லியனூர் திட்டத்தில் "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு சின்னப் பத்திரிகை கூட நடத்தினார்கள். கணினிப் பக்கம் வராதவருக்கும் தகவல் தாளில் போனது. அதே மாதிரி, "நீங்கள் சொன்னது இது, அதில் எங்களால் முடிந்தது இது, முடியாதது இது, ஏன் என்றால்..." என்று டீக்கடைச் சுவரில் ஒரு பக்கம் ஒட்டினால் போதும். அடுத்த முறை கேட்கப் போகும்போது கதவு திறக்கும்.

1916-ல் தாள், 1936-ல் தபால் அட்டை, 1998-ல் ரேடியோ, இப்போது லிங்க். ஒவ்வொரு தடவையும் கருவி கையில் இருந்தவருக்கு எல்லோரையும் கேட்டுவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. விடுபட்டவரைத் தேடிப் போனவர்கள்தான் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறார்கள்.

வில்லியனூர், பாகூர் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் யாராவது வந்து கருத்துக் கேட்டார்களா? கேட்டார்கள் என்றால், வீட்டில் யாரிடம் கேட்டார்கள்? அப்பாவிடமா, அம்மாவிடமா? அதற்குப் பிறகு என்ன ஆனது என்று திரும்ப வந்து சொன்னார்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.